தொகுதியும் பகுதியும்

ஐந்து ரோட்டில்
மெடிக்கலுக்கும் பேக்கரிக்கும் நடுவே
ஆறடி அகலத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை.
அதற்குள் நான்.

ஒரு பக்கம் இரண்டு ரூபாய்.
முன்னும் பின்னும் என்றால் மூன்று.
ஜூன் மாதத்தில் மட்டும்
பதிலும் சேர்த்துத் தர வேண்டும், காசில்லாமல்:
"ஏங்க, சமச்சீர் நல்லதா, சிபிஎஸ்இ நல்லதா?"
டிசியை, சாதிச் சான்றை
கண்ணாடியில் கவிழ்த்துக்கொண்டே கேட்பார்கள்,
புத்தகமெல்லாம் நானே எழுதியது போல.

நானும் சொல்வேன்.
ஏழாவது வரை மூன்று பருவம்,
பருவத்துக்கு ஒரு கட்டு.
எட்டிலிருந்து வருஷம் முழுக்க ஒரே மூட்டை.
எனக்குத் தெரிந்த பாடத்திட்டம் பக்க எண்கள்தான்.
எந்தப் பக்கத்துக்கு நிறைய பேர் வருகிறார்களோ
அந்தப் பாடத்தில் பிள்ளைகள் அழுகிறார்கள்.

என் மகளும் அழுதாள்.
இரண்டு தவணை பீஸ் நின்றுபோய்
தன்ஷிகா பள்ளி மாறியிருந்தாள்.
போன வருஷம் நியூமரேட்டர்.
இந்த வருஷம் தொகுதி.
"அம்மா, தொகுதின்னா
எம்எல்ஏ நிக்கிற தொகுதியா?"
சிரித்து முடித்த பிறகுதான்
எனக்கும் தெரியாதது நினைவுக்கு வந்தது.
மீ.சி.ம. என்பதை
ஏதோ கட்சி என்று நினைத்திருந்தேன்.

பேர்லேண்ட்ஸில் ஒரு சென்டருக்குப் போனேன்.
ஏசி, மீன் தொட்டி, டாப்பர் படங்கள்.
உட்காரச் சொல்லும் முன்னே
"எந்த போர்டு?" என்றார் அந்தம்மா.
வாடகை வீடு தேடிய நாட்களில்
"நீங்க என்ன ஆளுங்க" என்பதை
வேறு வார்த்தைகளில் கேட்டார்களே,
அதே குரல்.
மாநகராட்சிப் பள்ளி, தமிழ் வழி, ஏழாவது.
பேட்ச் நிறைந்துவிட்டதாம்.
அவர் தோளுக்குப் பின்னால்
காலி பெஞ்சுகளை எண்ணிக்கொண்டே எழுந்தேன்.

என் கடைச் சுவரிலேயே ஒரு நோட்டீஸ்,
ஒரு மாதமாக, கொஞ்சம் சாய்ந்து.
ஒட்டியவள் நான்தான்.
'கணிதம், அறிவியல். ஆறு முதல் பத்து வரை.
இருமொழி வழியிலும். சென்றாயன், எம்.எஸ்சி., பி.எட்.'
கீழே பதினோரு கீற்று,
கிழித்துக்கொண்டு போக, ஒரே நம்பர் பதினோரு தரம்.
ஒன்றுகூடப் போகவில்லை.
வரிசையில் முதல் ஆளாய் நிற்க
யாருக்கும் தைரியம் வரவில்லை போல.

சென்றாயனைத் தெரியும்.
ஏற்காட்டுக்கு அந்தப் பக்கம் ஏதோ ஊர்.
டெட் பாஸ் செய்த சான்றிதழை
நாற்பது தடவையாவது என் மிஷின் நகலெடுத்திருக்கும்.
ஒவ்வொரு முறையும் ஒரிஜினலை
ஓரம் மடங்காமல் திருப்பி வாங்குவான்.
மார்க் என்னவென்றுகூட எனக்குத் தெரியும்.
ஆனாலும் தோன்றவில்லை பாருங்கள்.

ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
முதல் கீற்றைக் கிழித்தேன்,
என் கடையிலேயே திருடுகிற மாதிரி.

"ஜெராக்ஸ் அக்காதானே?"
நம்பரைப் பதிந்து வைத்திருக்கிறான்.
"நகலுக்குக் காசு வேண்டாம் தம்பி,
பாடத்துக்குக் கழிச்சுக்கலாம்" என்றேன்.
கொஞ்சம் பேசாமல் இருந்தான்.
"இல்லக்கா. பீஸ் அறுநூறு, அஞ்சாந்தேதிக்குள்ள.
ஜெராக்ஸ் கணக்கு தனி."
அந்த 'தனி'யில்
எனக்கு அவன் மேல் நம்பிக்கை வந்தது.

மறுநாள் சாயங்காலம்
ஏ4 பெட்டி இரண்டைப் போட்டு உட்கார்ந்தார்கள்.
வீணான தாள்களின் பின்பக்கத்தில்
கோடு போட்டு, கோட்டுக்கு மேலே, கோட்டுக்குக் கீழே.
"டினாமினேட்டர்னு தெரியுமில்ல?
அப்ப பகுதியும் தெரியும். ஆள் ஒண்ணுதான்."
நடுவே ஒருவர் ரேஷன் கார்டு நீட்டினார்.
மிஷின் ஓடியதில்
அடுத்த வரி எனக்குக் கேட்கவில்லை.

பத்து நாள் இருக்கும்.
கொண்டலாம்பட்டிப் பக்கத்து அம்மா ஒருத்தி
சில்லறைக்குக் காத்து நின்றபடி சுவரைப் பார்த்தார்,
கிழிந்த இடத்தைத்தான் முதலில்.
பிறகு ஒரு கீற்றை எடுத்து
ரவிக்கைக்குள் இருந்த பர்ஸில் வைத்தார்.
சனிக்கிழமைக்குள் இன்னும் இரண்டு.

தன்ஷிகா பேனாவைக் கடித்துக்கொண்டு
அதையே பார்த்திருந்தாள்.
"பதினொண்ணுல நாலு போச்சும்மா.
தொகுதி நாலு. பகுதி பதினொண்ணு.
இதைச் சுருக்க முடியாது."

முடியாதா என்று
நான் இன்னும் சரிபார்க்கவில்லை.
சார் வரட்டும்.