முடிவுக் கோடு

ஃபேனை நிற்பாட்டினால்தான் கேட்கும்.
பெரியகல்லாற்றில் இரவு பதினொன்று,
காதில் ஹெட்போன், கழுத்தில் வேர்வை.
ஒரு துண்டுக்கு ஏழு ரூபா.
இயந்திரம் கேட்டு எழுதியதை நான் திருத்த வேண்டும்.

"மறுகா வாறன்" என்கிறாள் ஒருத்தி.
"மருகா, வாரணம்" என்று
முருகனையும் யானையையும் எழுதியிருக்கிறது.
"ஏலா கா" என்றால் ஏலக்காய்.
"ஓம்" என்றவர்கள் எல்லாரும்
அதன் கணக்கில் மந்திரம் ஓதுகிறார்கள்,
ஏறாவூர் மீன் யாவாரி உட்பட.

சிரித்துவிட்டுத் திருத்துகிறேன்.
பாவம், அதற்குச் சொல் தெரியாது.
ஒலியைக் கீரைபோல் பொடியாய் அரிந்து
எதற்குப் பின் எது வரும் என்று
பந்தயம் கட்டுகிறது.
சின்னதில், இரவில், படலையடியில்
அப்பா யாருக்கோ பதில் சொல்வதை
அறைக்குள் கிடந்து நானும் அப்படித்தான் கேட்டேன்.
சொல் வராது. குரலின் ஏற்ற இறக்கம் வரும்.
எழும்பி ஓடுவதா, படுப்பதா
என்று அறிய அது போதும்.

இப்போது துண்டு 3118.
ஆண், வாழைச்சேனைப் பக்கம்.
பணி: ரயில் நேரம் கேட்டல்.

"கொ" என்று தொடங்குகிறார்.
பிறகு ஒன்றுமில்லை.
திரையில் அலை தட்டையாகக் கிடக்கிறது.
தவளை. தூரத்தில் ஒரு லொறி.
எச்சில் விழுங்கும் சத்தம்.

ஒரு விநாடிக்கு மேல் மௌனம் என்றால்
பேச்சு முடிந்தது, கோடு போடு.
விதி அப்படி, ஆறாம் பக்கம்.
இயந்திரம் அந்தக் "கொ"வோடு போட்டுவிட்டது.
"மன்னிக்கவும், விளங்கவில்லை" என்று
அவருடைய மூச்சுக்கு நடுவில் புகுந்து சொல்கிறது.

"பரவாயில்ல" என்கிறார்,
தெளிவாக, ஒரு தடங்கலும் இல்லாமல்.
எத்தனை பேருக்குச் சொல்லிப் பழகிய சொல்லோ.

திரும்பவும் "கொ".
மேசை விளிம்பைப் பிடித்திருக்கிறேன்.
என் நுனிநாக்கில் ஊரின் பெயர் வந்து நிற்கிறது.
எடுத்துக் கொடுக்காதே, எடுத்துக் கொடுக்காதே.
எப்போதோ பதிவான குரல் அது,
நான் கத்தினாலும் அவருக்குக் கேட்காது.
ஆனாலும்.

பதினொரு விநாடி.

"...ழும்புக்கு எத்தின மணிக்கு கா?"

கோட்டை இழுத்துக்கொண்டுபோய்
அந்தக் "கா"வுக்குப் பின்னால் நட்டேன்.

விடிந்தால் றிஸ்மியா கோல் எடுப்பாள்,
விதியை மீறிய துண்டுக்குக் காசில்லை என்பாள்.
காரணம் எழுதும் பெட்டி வெறுமையாக இமைத்தது.
"கதைத்துக்கொண்டிருந்தார்" என்று அடித்துவிட்டு
ஃபேனைப் போட்டேன்.