என் கன்னம் செய்தது

நூற்று எழுபத்தொன்பது வெள்ளி.
கொம்தார் மூன்றாம் மாடியில்
ரப்பர் உறை இலவசம் என்று
ஆ லெக் சிரித்தபடி மாட்டிக் கொடுத்தான்.
உறையின் ஓட்டை ஓரிடம்,
கேமராவின் கண் வேறிடம்.
அன்றிலிருந்து நான் எடுத்த எல்லாப் படத்திலும்
இடது மூலையில் ஒரு கறுப்புப் பிறை.

பாயான் லெப்பாஸில்
பதினான்கு ஆண்டுகளாக உருப்பெருக்கிக்குக் கீழே
ஈயச் சொட்டுகளைப் பார்ப்பவள் நான்.
முடியின் பாதி அகலம் விலகினாலும்
சிவப்பு அம்பு ஒட்டி ஓரம் தள்ளுவேன்.
இதை மட்டும் கையில் வாங்கி, குலுக்கிப் பார்த்து,
பரவாயில்லை என்று காசைக் கொடுத்தேன்.

ஒலியைக் கூட்டும் பொத்தான் வலப்பக்கம்.
நேர் எதிரே அணைக்கும் பொத்தான்.
ஒன்றை அழுத்த மற்றதில்தானே விரலை ஊன்ற வேண்டும்?
இரண்டும் சேர்ந்தால் திரையைப் படம் பிடித்துக்கொள்ளும்.
க்ளிக்.
காலை ஐந்து பத்தின் படம்.
அதே ஐந்து பத்து, இன்னொரு படம்.
பைக்குள் கிடந்தபடியே நாற்பது.
மொத்தம் அறுநூற்றுப் பன்னிரண்டு,
ஒன்றிலும் ஒருவரும் இல்லை.

ஒலிபெருக்கி முதுகில்.
மேசைமேல் மல்லாத்தி வைத்தால்
விடிகாலையில் அலாரம் மேசையை எழுப்பும்.
முப்பத்தொரு விழுக்காடு என்று காட்டிக்கொண்டே
செத்துப்போகும்.
மின்னேற்ற, வயரைச் சற்றுத் தூக்கி,
அடியில் நான்காய் மடித்த பேருந்துச் சீட்டைச் செருகி,
மூச்சு விடாமல் நகர வேண்டும்.

தமிழ் வருமா என்று கேட்டதற்கு
எல்லா பாஷையும் வரும் என்றான் ஆ லெக்.
வரும்தான்.
கொம்பைக் கழற்றித் தனியே வைக்கும்,
காலைத் தனியே நீட்டும்,
நடுவில் ககரம் அனாதையாய் நிற்கும்.
கோகிலவாணி அழைக்கும்போதெல்லாம்
என் அக்கா துண்டு துண்டாக வருவாள்.

இத்தனையும் பொறுத்தேன்.
காதில் வைத்தாலும் திரை அணையாது,
அதைத்தான் கவனிக்கவில்லை.
கன்னமும் விரல்தான் அதற்கு.
பேச்சை நடுவில் ஊமையாக்கியிருக்கிறது என் கன்னம்,
கால்குலேட்டரில் ஏழேழாய் எழுதியிருக்கிறது,
நள்ளிரவில்
சூப்பர்வைசர் புவான் ரொஸ்னாவை எழுப்பியிருக்கிறது.

ஜெலுத்தோங் வீட்டை விற்பது பற்றிப் பேசிய அன்று
அக்கா கேட்டாள்:
"கடைசியில் அம்மாவைப் பார்த்துக்கொண்டது யார், சொல்லேன்?"
நீதான் அக்கா என்று சொல்ல
மூச்சை இழுத்தேன்.
கன்னம் உப்பியது.
அழைப்பு முடிந்தது.

பதினொரு நாள்.
நான் அழைத்தால் மணி மட்டும் போகும்.
குறுஞ்செய்தி எழுதினேன்:
நான் வைக்கவில்லை, என் கன்னம்தான் வைத்தது.
படித்துப் பார்த்தேன். அழித்தேன்.
விற்ற ஆ லெக்கே நம்ப மாட்டான்.

இடமில்லை இடமில்லை என்று அது புலம்பவே
அறுநூற்றுப் பன்னிரண்டையும் அழிக்க உட்கார்ந்தேன்.
ஒன்றில் அந்த அழைப்பு.
அவள் குரல் தாழ்ந்தபோது
ஒலியைக் கூட்டப் போயிருக்கிறேன்.
நான்கு நிமிடம் பதினோரு நொடி.
உடைந்த பெயர். கீழே சிவப்பு வட்டம்.
அதில் அவள் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறாள்.

அதை மட்டும் வைத்துக்கொண்டேன்.

இன்று, இரவு ஷிப்ட் பேருந்தில்,
இரண்டாம் மணியிலேயே எடுத்தாள்.
முகத்திலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்தேன்.
அவள் குரல் போனின் முதுகு வழியே
எதிர் இருக்கை நேப்பாளப் பையனுக்குப் போனது.
அவனுக்குத் தமிழ் தெரியாது,
மரியாதைக்குத் தலையாட்டினான்.
திருப்பினால் அவள் எனக்குக் கேட்பாள்,
நான் அவளுக்குக் கேட்க மாட்டேன்.
ரொட்டி சானாய் போல் புரட்டிப் புரட்டிப் பேசினோம்.
நீதான் அக்கா, என்றேன்.
எந்தப் பக்கம் இருந்தபோது என்று தெரியவில்லை.
முப்பத்தொரு விழுக்காட்டில் அணைந்தது.

லாக்கர் அறையில்
வயரைத் தூக்கி, சீட்டைச் செருகி,
மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.
சிவப்புப் புள்ளி
ஒருமுறை வந்து போனது.