கொஞ்சம் கலரா

முப்பத்தெட்டாயிரம்.
ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்ததில்
கழிவு போகக் கையில் நின்றது அவ்வளவுதான்.

மேலப் பெருமாள் மேஸ்திரி வீதி,
சிக்கந்தர் பாய் கடை.
நடுவில் கால்குலேட்டர்.
பிராசஸர் புதுசு, அதில் பேரம் இல்லை.
மதர்போர்டுக்கு அட்டை கிழிந்திருந்தது, நானூறு குறைத்தார்.
ராம் எட்டு போதுமே என்றார்.
முப்பதடி பேனரை எட்டில் திறந்து பாருங்க பாய்,
ஃபேன் கதறுவது கல்பாலம் வரைக்கும் கேட்கும்.
பதினாறு.
கிராபிக்ஸ் கார்டு கேம் ஆடுகிறவர்களுக்கு,
எழுத்துக்கு நிழல் போடுகிறவளுக்கு
பிராசஸருக்குள் இருப்பதே போதும்.
கேபினெட்டையும் அடித்துவிட்டேன்.
எஸ்எம்பிஎஸ்ஸில் மட்டும் கை வைக்கவில்லை:
செல்லூரில் கரண்ட் போய் வருகிற லட்சணத்துக்கு
மட்டமானது ஒருநாள்
மற்ற எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு போய்விடும்.

மானிட்டர் மட்டும் பன்னிரண்டாயிரம்.
பாய் கண்ணாடியைக் கழற்றினார்.
"சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணமா?"

ஏழு வருஷம் ராக்காயி ஃப்ளெக்ஸில்
நீலம் பூத்த ஒரு திரைக்கு முன் உட்கார்ந்தவள் நான்.
அதில் மருதாணிச் சிவப்பாய்ப் பார்த்து அனுப்பிய முகூர்த்தப்பட்டு
அச்சில் ஈரல் நிறத்தில் வந்தது.
மாப்பிள்ளை வீட்டார் வாசலில் வந்து நின்றார்கள்.
என் சம்பளத்தில் ஆயிரத்து இருநூறு போனது.
திரைக்குப் போகவில்லை ஒரு பைசாவும்.

கிளம்பும்போது பாய் ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கை நீட்டினார்.
"அறுநூறு குடு. உங்க ஏரியாவுல மூடுன ஸ்டூடியோ சரக்குதான்,
அழிச்சுட்டு வச்சுக்க."

ராத்திரி அடுப்படித் தரையில் பூட்டினேன்.
தங்கச்சி டார்ச் பிடித்தாள், பாதியில் தூங்கினாள்.
பச்சைப்பயறு அளவு பேஸ்ட்.
ஒரு ஸ்க்ரூ கிரைண்டருக்கு அடியில் உருண்டு போனது,
இன்னும் வரவில்லை.
கேபினெட் இல்லை, அதனால் ஸ்விட்ச் இல்லை.
இரண்டு ஊசிகளை ஸ்க்ரூடிரைவர் நுனியால் தொட வேண்டும்.
தொட்டேன்.
அட்டைப்பெட்டி மேல் படுத்திருந்தது
மூச்சு விட ஆரம்பித்தது.

அழிக்கத்தான் திறந்தேன் டிஸ்கை.
காதுகுத்து. கல்யாணம். கண்ணீர் அஞ்சலி.
பின்னணி வெட்டப்பட்ட ஜனங்கள்
சாம்பல் கட்டம் போட்ட வெறுமையில்
மாலையும் கையுமாக நிற்கிறார்கள்.
சடங்கு 2011 என்று ஒரு ஃபோல்டர்.
அதற்குள், முத்துப்பேச்சி ஃபைனல் ஃபைனல் 2.

நான்தான்.
அன்னப்பறவை மேல், கிரீடத்தோடு,
பின்னால் பனிமலை, பக்கத்தில் அருவி.
கண்மாய்க்கரை முக்கில் ஒரு வாரம் நின்ற பேனர்.
எதிரே நான் சைக்கிளில் போனபோது
யாருடா அந்த வெள்ளைப் பிள்ளை என்று
பெரியப்பா மகன் என்னிடமே கேட்டான்.

பதினான்கு லேயர்.
மேலே இருந்ததற்கு அந்த ஸ்டூடியோக்காரர் வைத்த பெயர்: வெளுப்பு.
எழுபது சதவீதம்.
பக்கத்தில் இருந்த கண் அடையாளத்தை அழுத்தினேன்.
கண் மூடிக்கொண்டது.

அப்புறம் நான் செய்தது ஒன்றுதான்.
நைட்டிக் கையை மடித்துவிட்டு
முழங்கையைத் திரைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.
வறுத்த புளியங்கொட்டைக்குப் பக்கத்தில்
வறுத்த புளியங்கொட்டை.
பன்னிரண்டாயிரம் வீண் போகவில்லை.

சேமிக்கவா என்று கேட்டது.
பதில் சொல்லாமல் தண்ணீர் குடித்தேன்.

காலையில் முதல் போன், ஆனையூர்ப் பார்ட்டி.
"போட்டோ அனுப்பியிருக்கேன் தங்கச்சி,
பதினாறுக்கு எட்டு, வியாழக்கிழமை வேணும்.
பொண்ணைக் கொஞ்சம் கலரா போட்டுருங்க."

சீட்டுக்குத் தவணை பத்தாம் தேதி.
எவ்வளவு, என்று கேட்டேன்.
அவர் ரூபாய் என்று நினைத்துக்கொண்டு
பேரத்தை ஆரம்பித்தார்.