இடுப்புச் சிகிச்சைக்கு வரும் உனக்கு வழி

காரில் வராதே, ஃபோல்க்மார்.
அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.
நிறுத்துவதற்கு ஒரு நாளைக்குப் பதினான்கு யூரோ,
பள்ளத்தாக்குச் சாலையில் அக்டோபர் முழுக்கப் பாலம் வேலை,
அதோடு உன் இடுப்பு
இன்னும் கிளட்சை மிதிக்கிற இடுப்பு இல்லை.

விரைவு ரயில் எங்கள் ஊரைக் கண்டுகொள்வதில்லை.
ஆற்றைத் தாண்டும்போது
இடப்பக்கம் ஒரு தேவாலயக் கூம்பு தெரியும்,
அது நாங்கள்தான். போய்விடும்.
அடுத்த சந்திப்பில் இறங்கு.
வண்டி மாற ஆறு நிமிடம் என்று அட்டவணையில் இருக்கும்;
அட்டவணை போட்டவனுக்கு இடுப்பு நன்றாக இருந்திருக்கிறது.
அதை விடு. அடுத்ததைப் பிடி.
நான்காம் நடைமேடையில் ஒருத்தி பட்டாணி சூப் விற்கிறாள்.
உப்பு தூக்கல்.

இரண்டே பெட்டி, டீசல் வண்டி.
சிவப்புப் பொத்தானை அழுத்தினால்தான் நிற்கும்.
அழுத்த மறந்தவர்கள்
மரக்கிடங்குவரை போய்
ஒரு மணி நேரம் பலகைகளைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.
அறிவிப்பில் 'பாட்' என்று கேட்டதுமே எழுந்துவிடு.
குளியலைப் பட்டம்போல
பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்ட ஊர்,
முனைவர் மாதிரி.

நிலையத்து வாசலில் இரண்டாம் எண் பேருந்து.
நெஸ்ரின் ஓட்டுகிறாள்.
ஊன்றுகோலைக் கண்டால்
பேருந்தையே ஒரு பக்கம் தாழ்த்துவாள், பெருமூச்சோடு.
விருந்தினர் அட்டை வாங்கிவிட்டால் காசு வேண்டாம்.
நீ கொடுக்கப் பார்ப்பாய், தெரியும்,
இனாமாக வந்த எதையும் நம்பாதவன்.

ஊற்று மண்டபத்தைச் சுற்றி நடையே போதும்.
இருநூறு அடிக்கு ஒரு பெஞ்சு.
ஒவ்வொன்றிலும் பித்தளைத் தகடு;
உட்கார்ந்தால் செத்த யாரோ ஒருவர் பெயர்
முதுகில் சில்லென்று படும்.
வாடகைக்கு மின்சைக்கிளும் உண்டு. உனக்கு இல்லை.

மருத்துவமனை மலைமேல்.
அங்கேதான் என் வேலை வருகிறது.
இரண்டு பெட்டி, ஒரே கம்பிவடம், மோட்டார் கிடையாது.
மேலே நிற்கிற பெட்டியின் வயிற்றில் தண்ணீர் நிரப்புவேன்.
அது கனத்து இறங்கும், கீழே நிற்பது ஏறும்.
எவ்வளவு தண்ணீர் என்று
கீழிருந்து தியோ மணியடிப்பான்: ஆளுக்கு ஓர் அடி.
இம்ஹோஃப் அம்மாளின் நாய் ஆளா இல்லையா என்று
இரண்டு வருஷமாகச் சண்டை.
(அறுபது கிலோ. என் கட்சி: ஆள்.)

அப்பாவின் ஓப்பலை
நான் பணத்துக்காக விற்கவில்லை.
வழி சொல்லும் கடிதத்தில் இதை எழுதக்கூடாது.
ராத்திரி இரண்டு மணிக்குச் சாவியைத் தேடி எடுத்து
வெறுங்காலோடு கிளம்பிவிடுவார்,
மூடிப் பல வருஷமான தொழிற்சாலைக்கு, வேலைக்கு நேரமாகிவிட்டதென்று.
நீ ஹாம்பர்கில் இருந்தாய்.
யாரும் உனக்குச் சொல்லவில்லை. நானும்தான்.
பதினொரு வருஷம்.

தியோவிடம் சொல்லியிருக்கிறேன்,
உனக்கு மட்டும் இரண்டு அடி அடிக்கச் சொல்லி.
நீ சாமான் நிறையக் கொண்டுவருகிறவன்.
அன்று பிரேக் பிடிக்கும் வேலையும்
கேட்டு வாங்கியிருக்கிறேன், இறங்குகிற பெட்டியில்.
பாதி மலையில் தண்டவாளம் இரண்டாகப் பிரியும்,
அங்கே கடக்கிறோம். நான்கு விநாடி.
வலப்பக்க ஜன்னலில் உட்கார்.

கடைசி வண்டி ஏழு மணிக்கு.
தவறவிட்டால் முந்நூற்றுப் பன்னிரண்டு படி; ஏறாதே.
கீழேயே இரு.
நடந்து இறங்கி வருகிறேன்.