மூன்று கூம்பு தூரம்

கொப்பியாப்போவுக்குத் தெற்கே, பாலை நெடுஞ்சாலையில்
ஒரு கழியைப் பிடித்துக்கொண்டு நிற்பது என் வேலை.
கழியின் தலையில் வட்டத் தகடு.
இந்தப் பக்கம் சிவப்பு: நில்.
திருப்பினால் பச்சை: போ.
பன்னிரண்டு மணி நேரத்துக்கு
ஊராரோடு எனக்கு இந்த இரண்டு சொல்தான்.

ஆனால் பார்க்கிறேன்.
நான் நிற்கும் உயரத்துக்கு
கண்ணாடி வழியே மடி வரைக்கும் தெரியும்.

ஸ்டியரிங்கை முழங்காலுக்குக் கொடுத்துவிட்டு
எம்பனாடாவை இரண்டு கையாலும் தின்கிறவன்.
ஒரு புருவம் தீட்டி முடித்தவள், மற்றது பாக்கி.
பின்சீட்டுச் சண்டையை விலக்கப் போன கை
இன்னும் திரும்பிவராத தகப்பன்.
ஒருத்தியின் மடியில் நாய்;
அந்த வண்டியில் நாய் மட்டும் சாலையைப் பார்த்தது.
மிச்சப்பேர் குனிந்திருக்கிறார்கள்,
பருப்பில் கல் பொறுக்குகிற மாதிரி,
விரலால் தள்ளித் தள்ளி.
நான் பச்சையைத் திருப்பினாலும் நகர்வதில்லை.
விசில் ஊத வேண்டியிருக்கிறது.

வேலைப் பகுதியின் மறுமுனையில் எலிசேயோ.
எங்களுக்கு நடுவே எண்ணூறு மீட்டர் தூசி,
பத்து மீட்டருக்கு ஒரு ஆரஞ்சு கூம்பு,
ஒரு பழைய வாக்கி டாக்கி.
குனிந்த தலைகளை எண்ணுவது அவன் கண்டுபிடித்த விளையாட்டு.
காலையிலேயே ஆளுக்கொரு எண் சொல்லிவைப்போம்.
சாயங்காலம் தோற்றவர் காப்பி வாங்க வேண்டும்.
அவன் அநேகமாகத் தோற்பான்.
மனிதர்களைப் பற்றி எப்போதும்
கொஞ்சம் குறைவாகவே மதிப்பிட்டான்,
நல்ல அர்த்தத்தில்.

ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை
ரேடியோவில் "நாற்பத்தொன்று" என்றான்.
நாற்பத்திரண்டை அவன் சொல்லவில்லை.

நான் ஓடிப் போனபோது
வெள்ளை பிக்கப்புக்குக் கீழே ஒரு கூம்பு
நசுங்காமல், அப்படியே நின்றுகொண்டிருந்தது.
அதை ஏன் பார்த்தேன் என்று தெரியவில்லை.
ஓட்டிவந்தவன் சின்னப் பையன், சுரங்கச் சீருடை,
கதவைத் திறந்து இறங்கி நடுரோட்டில் உட்கார்ந்துவிட்டான்.
கையில் போன் இன்னும் எரிந்துகொண்டிருந்தது.
"ரொட்டி எத்தனை வாங்க?"
கீழே அவன் தட்டிய பதில்: "ஆ".
ஆறா என்று நான் யாரிடம் கேட்பது.

இங்கே வழக்கம்,
உயிர் போன இடத்தில் ஒரு குட்டி வீடு கட்டுவோம்,
அனிமிதா என்போம்.
சாலைக்குக் கலந்த அதே சிமெண்டில் கட்டினோம்.
உள்ளே அவன் ஹெல்மெட், ஒரு தண்ணீர் பாட்டில்,
காப்பிக் கோப்பை.
அது நான் வைத்தது. அன்றைக்கு நான்தான் தோற்றிருந்தேன்.
கூரை நீல நிறம்; தூரத்திலிருந்தே அழகாகத் தெரியும்.
கடந்துபோகிறவர்கள் வேகம் குறைக்காமல்
ஜன்னலுக்கு வெளியே போனை நீட்டிப்
படம் எடுத்துக்கொள்கிறார்கள்.

அதற்குப் பிறகு நான் எண்ணுவதில்லை.

நேற்று ராத்திரி வீடு திரும்பும்போது
பக்கத்து சீட்டில் என் போன் உறுமியது.
எல்லாம் தெரிந்தவள் நான்.
தகடு பிடித்துக் காய்த்த கை இது.
கைக்கு என்ன தெரியும்?
எடுத்தது. கண் கூடவே போனது.
மகள்.
காலையில் கேட்ட ஏதோ ஒன்றுக்கு
ஒரு மஞ்சள் கட்டைவிரல் அனுப்பியிருந்தாள்.

நிமிர்ந்தேன்.
சாலை நேராக இருந்தது, காலியாக இருந்தது.
ஒன்றும் நடக்கவில்லை.
யாரும் பார்க்கவில்லை.
ஆனால் நாள் முழுக்கக் கூம்பு நட்டு அளந்த கால்களுக்குத் தெரியும்:
எண்பதில் போன அந்த வண்டியில்
மூன்று கூம்பு தூரத்துக்கு
யாரும் இல்லை.

ஓரங்கட்டி நின்றேன். உப்புக் காற்று.
கொஞ்ச நேரம் கழித்து, மெதுவாகப் போனேன்.

இன்று விடியற்காலை பனிமூட்டம்.
மறுமுனைக்குப் புதிதாக வந்திருக்கும் பாஸ்தியான்
ரேடியோ வேலை செய்கிறதா என்று பார்த்தான்.
"ஒன்று" என்றேன்.
"இன்னும் ஒரு வண்டியும் வரலையே, நோல்ஃபா?"
என்றான்.