தலையெழுத்து 61

சிவப்பு எச்சரிக்கை மாலை ஏழுக்கு.
அதன்பின் ரெயூனியோன் தீவில் யாரும் வாசல் தாண்டக் கூடாது.
லெ போர் துறைமுகத்துப் பின்தெருவில், ஜன்னல் இல்லாத அறையில்
நானும் நாற்பத்திரண்டு சுவிட்சுகளும்.
பச்சை விளக்குகள் கண்ணடித்துக்கொண்டிருந்தன,
புயல் வேறு யார் வீட்டு விவகாரமோ என்பதுபோல.

பதினொன்றே காலுக்குச் சிலாவோஸ் விழுந்தது.
மலைகளுக்கு நடுவே கிண்ணத்தில் வைத்த ஊர்.
பாதைக்கு நானூறு வளைவு என்பார்கள். நான் எண்ணியதில்லை,
போன இரண்டு முறையும் வாந்தியில் இருந்தேன்.
அங்கே ரவுட்டருக்குக் காவல் ஜோரிஸ் வயாபூரி.
பிரெஞ்சு எழுத்தில் அப்படி;
என் காரைக்கால் நாக்கு வையாபுரி என்று திருத்திவிடும்.
பெயரைக் கொடுத்தால் எண்ணைத் தேடித் தரும் சர்வருக்கும்
ஏறக்குறைய இதே வேலை, ஆனால் கறார்ப் பேர்வழி:
ஓர் எழுத்து பிசகினால்
அப்படி ஒருவர் இல்லை என்று கைவிரிக்கும்.

பிங் அடித்தேன்.
உலகத்திலேயே சின்னக் கேள்வி: இருக்கிறாயா?
பதிலும் அவ்வளவுதான்: இருக்கிறேன்.
நலமா, சாப்பிட்டாயா, கூரை மிஞ்சியதா, ஒன்றும் கிடையாது.
காலம் கடந்தது, என்றது திரை.
காலம் கடந்தது.
காலம் கடந்தது.

ஒவ்வொரு பொட்டலத்தின் தலையிலும் ஓர் எண் எழுதி அனுப்புகிறோம்.
தலையெழுத்து என்றால் ஜோரிஸுக்குப் புரியாது.
பெரும்பாலும் அறுபத்துநான்கு, கலைகளின் கணக்கு.
ஒரு ரவுட்டரைக் கடந்தால் ஒன்று குறையும்.
பூஜ்யமானால் அந்த இடத்திலேயே சாவு.
இல்லாவிட்டால் வழி தவறியவை எல்லாம்
பிறவி தீராமல் கம்பிக்குள் சுற்றிச் சுற்றி வரும்,
புதிதாகப் புறப்பட்டதற்கு இடம் இருக்காது.

அந்தச் சாவைத்தான் நான் வேலைக்கு வைத்தேன்.
தலையில் ஒன்று எழுதி அனுப்பினேன்: பக்கத்து அறையில் விழுந்தது,
விழுந்த இடத்திலிருந்து ஓலை வந்தது.
இரண்டு: சேன் போல்.
மூன்று: சேன் லூயி.
சாகக் கொடுத்துச் சாகக் கொடுத்துத்தான் பாதை தெரிகிறது.
நான்காவதற்கு ஓலை இல்லை.
* * *
தீவில் அன்றிரவு தெரிந்த நட்சத்திரங்கள் இவை மட்டும்.

நடுவில் காரைக்காலிலிருந்து தம்பி கேட்டான், அங்கே புயலா?
ஆமாம் என்ற என் ஒரு சொல்
பாரிஸ் போய், அங்கிருந்து அவனிடம் போனது.
எங்கள் குடும்பத்தில் எல்லாமே பாரிஸ் வழியாகத்தான்.

மூன்று நாற்பது.
பதில் வந்தது. தலையெழுத்து 61. நேரம் 1840 மில்லிநொடி.
பிறகு 12. பிறகு 11. 11.

ரவுட்டர் இருக்கிறது என்றால் மின்சாரம் இருக்கிறது.
ஜோரிஸ் இருக்கிறான் என்று ஆகாது.
அதற்கு யாரும் இன்னும் ஒரு புரோட்டோகால் எழுதவில்லை.
ஆனால் அங்கே ஜெனரேட்டர் பழசு,
தானாகக் கிளம்பாது, கயிற்றை இழுக்க ஒரு கை வேண்டும்.
திரையில் பதினொன்று, பதினொன்று என்று ஓடிக்கொண்டிருந்தது.
நான் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான்கு மணிக்கு, அவன் போனில் தேங்கிக் கிடந்தவை
மொத்தமாக வந்து கொட்டின, முன்பின் கலைந்து:
இன்னும் பதினைந்து லிட்டர்தான்.
கதவு போய்விட்டது.
மி லே லா.
எந்தக் கதவு என்று கேட்காதே.
பக்கத்து வீட்டுக் கோழிகள் ரேக்குக்கு அடியில்.

அனுப்பிய நேரம் பார்த்து வரிசைப்படுத்தினேன்.
மி லே லா, இங்கேதான் இருக்கிறேன், கிரியோலில்.
அதுதான் முதலாவது.
பதினொன்று பதினாறுக்கே அனுப்பியிருக்கிறான்,
நான் கேட்பதற்கு முன்பே.

கிடைத்தது, என்று எழுதினேன்.
கிடைத்ததற்குக் கிடைத்தது சொல்லக் கூடாது, அது நெறி;
சொல்ல ஆரம்பித்தால் இரண்டு பக்கமும் வீட்டுக்குப் போக முடியாது.
ஜோரிஸ் ஒரு கோழியின் படத்தை அனுப்பினான்.