மதுரையில் எடுத்த படம்

ஸ்கேன் எடுத்த அன்று
பக்கத்து நாற்காலியில் ஜுலைஹா இருந்தாள்,
கீழக்கரைக்காரி.
தன் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள்.
என்னுடையதில் இருந்த அதே வெள்ளைத் திட்டுகள்,
தலைக்குள் யாரோ சிப்பியை நசுக்கிப்போட்டது போல.

அவளுக்குக் கால் மரத்த பதினோராம் நாள்
சென்னையில் டாக்டர்.
எனக்கு மரத்தபோது
பாறை கிழித்த விஷம் என்றார்கள்.
பிறகு சத்துக்குறைவு.
பிறகு ஏர்வாடியில் நாற்பது நாள்.
ஒரு கண் மங்கிய பின்தான்
நோய்க்குப் பெயர் கிடைத்தது.
எழுதி வைத்திருக்கிறேன், வாயில் வராது.

ஆறு மாசத்துக்கு ஒரு ஊசியாம் அவளுக்கு.
விலையைக் கேட்டு
மரிக்கொழுந்துப் பாசியில் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தேன்.
பஸ் பாம்பன் பாலம் ஏறுமுன் விட்டுவிட்டேன்.

"வெக்கை ஆகாது முத்துராக்கு,
குளிர்ச்சியா இரு" என்கிறார் டாக்டர்.
தகரத்துக்குக் கீழே உச்சிப்பொழுதில்
என் கை தம்ளரைக்கூடப் பிடிக்காது.

யாரிடமும் சொல்லாதது ஒன்று உண்டு:
கடலுக்கடியில் நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.
இரண்டாள் ஆழத்தில், மூச்சடக்கி,
விரல்கள் சொன்ன பேச்சைக் கேட்கின்றன.
வல்லத்தில் ஏறத்தான் முடியவில்லை.
இப்போது ஏற்றுவதுமில்லை.
"செத்துக்கித்துப் போனா யாரு பதில் சொல்றது?"

நேற்று ஜுலைஹா போன் பண்ணினாள்.
கம்பியைப் பிடிக்காமல் மாடி ஏறினாளாம்.
சந்தோஷமாகத்தான் இருந்தது எனக்கு,
சுவரைப் பிடித்து நின்று கேட்டேன்.
"உனக்கு எப்படி இருக்கு?" என்றாள்.
தண்ணி லாரி வந்துவிட்டதென்று வைத்துவிட்டேன்.

வந்துதான் இருந்தது.
மூன்றாவது வீட்டுப் பெண்
தூக்கி வைக்கக் குடத்துக்கு இரண்டு ரூபாய் கேட்கிறாள்.
அவளுக்கும் வேண்டுமே.
ஒரு குடம் போதும் என்றேன்.